பறவையின் கழுத்தில் ஒரு கோடு

காசு பார்ப்பதில் பழங்காசுக் கடை லென்ஸம்மாவை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆளே கிடையாது. நாணயச்சாலையிலேயே பிழையாகப் பிறந்து நல்ல விலை போகும் காசா, வெளியே வந்த பிறகு அடிபட்டுக் கெட்ட காசா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். அந்த ஒரே பார்வைதான் வினையாகிப் போனது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எதிர்க்கடைச் சாவிக்காரர் ஒரு காசைக் கொண்டுவந்தார். பறவை படம் போட்டது. பறவையின் கழுத்துக்குக் குறுக்கே வளைந்த, மெல்லிய பள்ளம், நுனியில் ஒரு குட்டிக் கொக்கி. லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனதோடு சரி, “கீறல்ணே. குப்பை” என்றாள்.

மனுஷர் விடவில்லை. “கீறினா ஓரத்துல பிசிர் எழும்புமேம்மா. தினமும் சாவி அறுக்கறவன் நான். நகத்தால தடவிப் பாருங்க, வழவழன்னு இருக்கு.”

கடையில் வேறு நாலு பேர் நின்றிருந்தார்கள். அந்தத் திமிர்தானோ என்னவோ, “நீங்க பூட்டைப் பாருங்கண்ணே, காசை நான் பாத்துக்கறேன்” என்றாள். நாலு பேரும் சிரித்தார்கள். அன்றோடு அவர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பல வருஷமாகச் சேர்ந்து குடித்த பதினொரு மணி டீயை, நடுவில் பத்தடித் தெருவை வைத்துக்கொண்டு தனித்தனியாகக் குடித்தார்கள்.

இன்று காலை மருந்துக்கடையில் மீதிச் சில்லறை வாங்கினாள். உள்ளங்கையில் அதே பறவை. கழுத்தில் கோடு. அதே இடம், அதே வளைவு, நுனியில் அதே குட்டிக் கொக்கி! லென்ஸம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. வாங்கிய மாத்திரையை எடுக்காமலேயே தன் கடைக்கு ஓடிவந்தாள்.

கீறல் என்பது ஒரு காசுக்கு நேரும் விபத்து. மயிரிழை பிசகாமல் இன்னொரு காசிலும் அதே கீறல் எப்படி விழும்? விழவே விழாது. அப்படியானால் கோடு வந்தது அச்சிலிருந்து. என்றோ ஒரு நாள், முடி மாதிரி ஒரு இரும்புச் சுருள் அச்சில் போய் ஒட்டியிருக்கிறது. அடுத்தடுத்து வந்த தகடுகளில் பறவையோடு சேர்ந்து அதுவும் பதிந்திருக்கிறது. ஐந்து காசோ, பத்து காசோ, அப்புறம் உதிர்ந்திருக்கும். எல்லாம் கண்மூடித் திறக்கும் நேரம். அதில் இரண்டு, எத்தனை சட்டைப்பை மாறி, எத்தனை கல்லாவில் புரண்டு, இந்த ஒரே தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறதே! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே ஒரு கவலை. அவர் அந்தக் காசை வைத்திருக்கிறாரா, தொலைத்துவிட்டாரா?

தெருவைக் கடந்தாள். “அண்ணே, அந்தப் பறவைக் காசு இருக்கா?”

சாவிக்காரர் அரத்தை நிறுத்தவில்லை. “எது? நீங்க குப்பைன்னு சொன்னதா?” இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேஜையில் போட்டார். வளையத்தில் பறவை தொங்கியது. இறக்கையில் ஒரு ஓட்டை.

“தூக்கிப்போட மனசு வரல. துளை போட்டு மாட்டிக்கிட்டேன்.”

லென்ஸம்மா தன் காசைப் பக்கத்தில் வைத்து, லென்ஸை அவர் கையில் கொடுத்தாள். வேண்டாவெறுப்பாகத்தான் குனிந்தார். குனிந்தவர் நிமிரவேயில்லை.

“அம்மாடியோவ்! ரெட்டைப் பிள்ளைங்களாட்டம் இருக்கே!” இந்தக் காசுக்கும் அந்தக் காசுக்குமாக லென்ஸ் போய்ப் போய் வந்தது. கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிறகு ஓட்டையின் ஓரத்தில் விரலை வைத்தார். “இங்க பிசிர் இருக்கு. கோட்டுல இல்ல.”

“அன்னிக்கே சொன்னீங்க. நான்தான் பார்க்கல. நாலு பேரை உங்களைப் பாத்துச் சிரிக்கவும் வச்சேன். தப்புண்ணே, பெரிய தப்பு.”

அவர் ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது இல்லாம இருந்திருந்தா...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

லென்ஸம்மா தன் கடைக்குப் போய்ச் சான்றிதழ்த் தாளையும் முத்திரையையும் எடுத்துவந்தாள். அவர் மேஜையிலேயே வைத்து எழுதினாள்: ‘அசல் அச்சுப் பிழை. முதலில் கண்டறிந்தவர் சாவிக்காரர். இறக்கையில் உள்ள ஓட்டை பிற்காலச் சேதம். அதற்குக் காரணம் நான்.’

அவர் இரண்டு தடவை படித்தார். “கடைசி வரியை எல்லாம் எதுக்கும்மா எழுதறீங்க?”

“சேதம் எதனாலன்னு தெரிஞ்சா எழுதணும்ணே. அதான் முறை.”

லென்ஸம்மா முத்திரையை ஓங்கினாள். தாள் நகராமல் சாவிக்காரர் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.