கூரை வழியே இறங்கிய கால்

ரபேலின் வாடகை வீட்டில் நடந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஃபெலிசியா அக்கா கண்ணை மூடி, "இறங்கி வாரும் ஆண்டவரே" என்று உருக்கமாக ஜெபித்தபோது, கூரையைப் பிய்த்துக்கொண்டு இறங்கியது ரபேலின் இடது கால். கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட ஏறியவர். கூரைச் சட்டம் உளுத்துப் போனது தெரிந்தும், தன் உடம்பு லேசு என்று அவருக்கொரு நம்பிக்கை. மலேசியாவின் மூவார் ஊரில் வேறு யாருக்கும் அந்த நம்பிக்கை கிடையாது.

கூரை ஒழுகுவதைப் பற்றி வீட்டுக்காரர் மணியத்திடம் அவர் கேட்காத மாதமில்லை. "பாக்கலாம் லா" என்பதே பதில். கால் இறங்கிய சேதிக்கு மட்டும் பதில் உடனே வந்தது: வீட்டைச் சேதப்படுத்தினார், காலி செய்ய வேண்டும் என்று கோர்ட்டில் வழக்கு.

மணியத்தின் வழக்கமே அதுதான். பழுதுபார்க்கச் சொன்னால் சம்மன் வரும். முன்பு குடியிருந்த செல்லம் குடும்பம் 'கோர்ட்' என்ற சொல்லைக் கேட்டதுமே சாமான் கட்டியது. ரபேலும் வீரமாக அட்டைப்பெட்டி தேட ஆரம்பித்தார்.

"எங்க போறீங்க?" என்றாள் மனைவி டோரிஸ்.

"கோர்ட்டு கேஸும்மா. மானம் போயிரும்."

"அது உங்க காலு தொங்குனப்பவே போயிருச்சு. காலி பண்ணா, நட்சத்திரத்தக் கழட்ட மறுபடி ஏறுவீங்க. நான் விடமாட்டேன். இங்கதான் இருப்போம்."

பிப்ரவரி வந்தது, நட்சத்திரம் இன்னும் கூரையிலேயே இருந்தது. விசாரணை நாளன்று ஜெபக்கூட்டம் முழுவதும் மாதா கோயில் வேனில் வந்து இறங்கியது. காலி நாற்காலியை எதிர்பார்த்து வந்த மணியத்தின் வக்கீலுக்கு முகம் வெளுத்தது. ஃபெலிசியா அக்கா சாட்சி சொல்ல எழுந்து, வெள்ளிக்கிழமைதோறும் ஒழுகலுக்கு வைத்த வாளிகளுக்கு நடுவே முழந்தாளிட்ட கதையை மலாயில் விளாசினார். பிறகு கைப்பேசிப் படங்களைக் காட்டினார். ஒவ்வொன்றிலும் வாளி, கடைசிப் படத்தில் வாளிக்கு மேலே கால். ஜெபத்தை முடித்துவிட்டுத்தான் அதை எடுத்தாராம். மாஜிஸ்திரேட் வாயைப் பொத்தி இருமினார். அது இருமல் இல்லை.

வழக்கு தள்ளுபடி.

வெளியே ஒரே கைதட்டல். அந்த இடது காலுக்கு மாலை போடலாம் என்று டோரிஸே சொன்னாள். ரபேல் நேராக மணியத்திடம் போனார்.

"அண்ணே, ஒன்னே ஒன்னு சொல்லுங்க. கூரையச் சரி பண்றதவிட கேஸ் போடுறது லேசா?"

மணியம் வேனைப் பார்த்தார். அதிலிருந்து இறங்கிய கூட்டத்தையும் பார்த்தார்.

"லேசுதான், ரபேலு. கேஸ் போட்டா ஓடிருவாங்க. இதுவரைக்கும் ஒருத்தர்கூட கோர்ட்டுக்கு வந்ததில்ல. நாளைக்குக் கூரைக்கு ஆள் வரும்."