கழுத்துக் கரண்டு

இரண்டு வாரத்தில் வரும் சோதனையில் முன்னேற்றம் தெரியாவிட்டால் கழுத்தில் கரண்டு பாய்ச்சும் அந்த மிஷின் வேறொருவருக்குப் போய்விடும். அது தெரிந்தும் பதறுவதற்குத் தங்கப்பாண்டிக்குத் தெம்பில்லை. ஆறு வாரமாக வாரம் மூன்று நாள் இராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் வந்து போனதில் உடம்பு ஓய்ந்துவிட்டது. வலது கை மடியில் கிடந்தது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பை மாதிரி.

மிளகாய் மூடை ஏற்றிய டிராக்டரிலிருந்து மல்லாக்க விழுந்ததில் கழுத்தில் அடி. கால்கள் தேறிவிட்டன, கம்பு ஊன்றி நடக்கிறார். வலது கை மட்டும் வரவில்லை. மனைவி கனகலட்சுமிதான் சோறு ஊட்டுகிறாள்.

பிசியோதெரபிஸ்ட் சிநேகா பின்கழுத்தில் இரண்டு பட்டைகளை ஒட்டி மிஷினைப் போட்டாள். தோலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. கரண்டு ஓடும்போதே அவர் வலது கையால், தட்டில் இருக்கும் வற்றல் மிளகாயை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். அவள் பக்கத்துக் கட்டிலுக்குப் போனதும், வழக்கம்போல் தங்கப்பாண்டி கண்ணை மூடிச் சாய்ந்தார். அன்று அவள் சீக்கிரமே திரும்பிவிட்டாள்.

"அண்ணே, தூங்குறீகளா?"

"இல்ல தாயி. கரண்டு ஓடுதுல்ல, ஓடட்டும்னு இருக்கேன்."

"அப்ப ஒவ்வொரு தடவையும் கிண்ணத்த நெப்புறது யாரு?"

கனகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "நாந்தான் அவுக கையப் பிடிச்சு எடுத்துப் போட்டுவிடுவேன்."

"பம்புசெட்டப் போட்டுட்டு வரப்புலதான தாயி உக்காந்திருப்போம்? தண்ணி தானாப் பாயுதுல்ல?" என்றார் தங்கப்பாண்டி.

சிநேகா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மூளையிலிருந்து கைக்கு வரும் நரம்புகள் கழுத்தில் மொத்தமாக அறுந்துவிடவில்லை என்று சொன்னாள். சில இழைகள் மிச்சம் இருக்கின்றன. 'எடு' என்ற கட்டளை அவற்றின் வழியே வருகிறது, ஆனால் மெலிந்து வருகிறது. கீழே இருக்கும் நரம்புகளுக்கு அது கேட்பதில்லை. கரண்டு கையை ஆட்டாது. அந்த நரம்புகளைத் தட்டி எழுப்பிக் காது கொடுக்க வைக்கும், அவ்வளவுதான். சரியாக அந்த நேரத்தில் மேலிருந்து கட்டளை வர வேண்டும். இரண்டும் சேர்ந்தே திரும்பத் திரும்ப நடந்தால், ஆள் நடக்க நடக்க ஒற்றையடிப் பாதை விழுவதுபோல வழி பலப்படும்.

"நீங்க எடுக்கணும்னு முக்கலைன்னா கரண்டு வெட்டிதாண்ணே. அக்கா பழகுனா அக்கா கைதான் தேறும்."

"அப்ப ஆறு வாரமும் போச்சா?"

"பெரும்பாலும்" என்றாள் சிநேகா மெதுவாக.

தங்கப்பாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கையைப் பார்த்து முக்கினார். விரல் அசையவில்லை. மறுபடியும் முக்கினார். நெற்றி வியர்த்து வழிந்தது. கனகலட்சுமி தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான்காவது முறை வந்த அன்று ஒரு மிளகாய் விரலிடுக்கில் ஏறி, பாதி வழியில் தரையில் விழுந்தது. அவள் எழுந்தாள்.

"தொடாத" என்றார்.

சோதனையன்று கிண்ணத்தில் அவரே எடுத்துப் போட்ட மூன்று மிளகாய் இருந்தன. சிநேகா அதைத் தாளில் எழுதினாள். "மொதச் சோதனையில ஒன்னுகூட இல்லண்ணே. மிஷின் இன்னும் ஆறு வாரம் ஒங்களுக்குத்தான்."

தங்கப்பாண்டி மனைவியைப் பார்த்தார். "என்னடி, சந்தோசமில்லையா?"

"இருக்குங்க" என்றாள் கனகலட்சுமி, கம்பை எடுத்து நீட்டியபடி. "இன்னும் ஆறு வாரம் அலையணும்ல, மொதல்ல பஸ்ஸுல உக்கார எடம் கெடைக்கட்டும்."