மெழுகுத் தாள்கள்

தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அண்ணி மறுபடியும் எழுந்தாள். ஜன்னல்வரை போனாள். மூடிய கதவைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு எடத்துல உக்காருங்க அண்ணி. முள்ளு மேல இருக்கற மாதிரி தவிக்கிறீங்க," என்றாள் எதிரே இருந்த நாத்தனார்.

"மூச்சு முட்டுதுடி."

மேல்மாடிக் குழாய் உடைந்து, ஆவணக் காப்பகத்தின் பழைய படங்கள் இருந்த அறைக்குள் தண்ணீர் இறங்கியிருந்தது. பிலிம் வருவதற்கு முன்னால் காகிதத்திலேயே எடுத்த நெகட்டிவ்கள் அவை. வெளிச்சம் ஊடுருவுவதற்காக அந்தக் காலத்தில் தாளுக்கு மெழுகு ஏற்றியிருந்தார்கள். அந்த மெழுகு பழுப்பேறி, மடிப்புகளில் வெடித்திருந்தது. ஓரத்திலிருந்து உள்நோக்கிப் படம் வெளுத்துக்கொண்டே வந்தது. இப்போது பூஞ்சை வேறு. ஒட்டிய தாள்களைப் பிரித்து, சாம்பல் நிறப் பொடியைத் தூரிகையால் தள்ளி, இடையில் வெள்ளைத்தாள் வைத்து அடுக்கத்தான் இந்த இரண்டு பேரையும் ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். தள்ளிய பொடி மேசையைவிட்டு எங்கும் போவதில்லை. முகத்துக்குக் கட்டிக்கொள்ள ஆளுக்கொரு துணி கொடுத்திருந்தார்கள், தாளின் மேல் மூச்சின் ஈரம் படாமலிருக்க.

நாத்தனார் ஒரு தாளை விளக்குப்பெட்டியின் மேல் வைத்தாள். பாலம் கட்டும் இடம். கறுத்த வானத்தின் கீழ் தொப்பிக்காரர் ஒருவர் அசையாமல் நின்றிருந்தார். அந்தக் காலத்துக் கேமராவுக்கு நிமிடக்கணக்கில் அசையாமல் நின்றால்தானே படத்தில் விழுவார்கள்; கல் சுமந்தவர்கள் புகைபோலக் கலைந்திருந்தார்கள்.

"பாத்தீங்களா? சும்மா நின்னவருக்கு மீசைகூட விழுந்திருக்கு," என்றாள் நாத்தனார்.

அண்ணி சிரிக்கப் போய் இருமினாள். இருமல் நிற்கவில்லை. எழுந்து ஓடி ஜன்னலைத் திறந்தாள். வெளியே மழைக்காற்று. தலையை நீட்டி இரண்டு மூச்சு இழுப்பதற்குள் சுவரிலிருந்த ஈரமானி கீச்சிட்டது.

அதிகாரி அம்மா வந்தார். கத்துகிறவர் இல்லை. ஜன்னலைத் தானே சாத்தினார். "படம் எடுத்தப்பவே இதையெல்லாம் மருந்து போகச் சரியா கழுவாம விட்டுட்டாங்கம்மா. தங்கிப்போன மருந்து உப்பு படத்தைத் தின்னுக்கிட்டே இருக்கு. ஈரம் ஏறினா இன்னும் வேகமாத் தின்னும்."

"உப்பத் தின்னவன் தண்ணி குடிப்பான்னுவாங்க. இங்க உப்பே தின்னுதா மேடம்?" என்றாள் அண்ணி. பேசும்போதே நெஞ்சு விசிலடித்தது.

"முடியலைன்னா வீட்டுக்குப் போங்களேன்."

அறை வாசலில் நின்ற ஒப்பந்த மேஸ்திரி முந்திக்கொண்டார். "போகட்டும் மேடம். வேற ஆளு இருக்கு."

அண்ணி வந்து தூரிகையை எடுத்தாள். நாத்தனாருக்குக் கை ஓடவில்லை. "அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் கேக்கும். வாங்க போயிரலாம்."

"உங்க அண்ணன் வேலையில்லாம வீட்ல உக்காந்திருக்கறப்ப நானும் போயி பக்கத்துல உக்காரவா? இந்தக் கட்டு முடியட்டும்."

கட்டு முடிந்தது. எழுந்தவள் மேசையைப் பிடித்தபடியே சரிந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நாத்தனார் அவளைத் தோளில் சாய்த்து, பாதி தூக்கிப் பாதி இழுத்து முற்றத்துக்குக் கொண்டுவந்தாள்.

அங்கே குளிரூட்டிய வேன் ஒன்று வந்து நின்றது. தேறிய பெட்டிகளை வேறு ஊர்க் கிடங்குக்குக் கொண்டுபோக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் இறங்கி ஓடிவந்தார். "முன்சீட்டுல ஏத்துங்கம்மா. போற வழிதான் ஆஸ்பத்திரி."

எல்லோரும் அதிகாரி அம்மாவைப் பார்த்தார்கள். அவர் வேனைப் பார்த்தார். "வழியில வண்டிய நிறுத்தக் கூடாதுன்னு உத்தரவு. ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்," என்றார். பிறகு, "ஆட்டோ கூப்பிடுங்க, சீக்கிரம்," என்று மேஸ்திரியை விரட்டினார்.

ஆட்டோ உள்ளே வந்தது. அண்ணியின் தலையை மடியில் தாங்கி நாத்தனார் ஏறினாள். "சீக்கிரம் போங்க, சீக்கிரம்!" ஆட்டோ திரும்பி வாசலை நெருங்கியபோது காவலாளி கையை நீட்டித் தடுத்தார். பின்னால் வேன் கிளம்பிவிட்டிருந்தது. ஆட்டோவை ஓரங்கட்டச் சொல்லி, தெருவில் வந்த வண்டிகளையும் விசிலடித்து நிறுத்தினார். வாசலிலிருந்த வேகத்தடையின் மேல் வேன் முன்சக்கரத்தை ஏற்றி, மெல்ல இறக்கியது. பிறகு பின்சக்கரம். உள்ளே ஒரு தாளும் அசையக் கூடாது என்பதுபோல, அவ்வளவு பதமாக.