வீண் நடை

பம்பு ஆலையின் முதலாளி மாடியிலிருந்து கீழே இறங்கி வந்து, வேலை மேசைமேல் ஏறி நின்று சொன்னார்: "எங்க வீண் வேலை இருக்குன்னு நீங்களே சொல்லுங்க. சொன்னதால யாருக்கும் வேலை போகாது. நான் பொறுப்பு."

அதை நம்பித்தான் பாகங்களைச் சேர்த்துப் பம்பு பூட்டுகிறவள் வாயைத் திறந்தாள். உதிரிபாக அலமாரியைத் தங்கள் பக்கத்திலேயே வைத்தால் அவற்றை வண்டியில் தள்ளிக்கொண்டு வரும் வேலையே இருக்காது என்றாள். அலமாரி நகர்ந்தது. முதலாளி அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

வண்டி தள்ளியவன் அவளுடைய அண்ணன். அவனுக்கு வேறு வேலை கொடுப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். மாதம் முடியுமுன் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாடியேறிப் போய்க் கேட்டாள்.

"அதெல்லாம் மேனேஜர் பாத்துக்கிறாரும்மா," என்றார் முதலாளி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டில் அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தான். "அடுத்து யாரத் தூக்கப்போற தங்கச்சி? அம்மாகூட சும்மாதான் உக்காந்திருக்கு."

ஆலையைப் பார்க்க விருந்தினர் வந்த அன்று முதலாளி மறுபடி இறங்கி வந்தார். "அந்த யோசனை இவங்களோடதுதான்," என்று பெருமையடித்துக்கொண்டார். "வேற என்னம்மா வீணா இருக்கு?"

பம்புகளைச் சோதிக்கும் மேசை கூடத்தின் மறுகோடியில் கிடந்தது. அதை இங்கே இழுத்துப் போட்டால் பம்பு சுமக்கிறவனுக்கு வேலை இருக்காது.

"ஒண்ணுமில்ல சார். எல்லாம் சரியா இருக்கு."

சுமக்கிறவன் பம்பைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். விருந்தினர் விலகி வழிவிட்டார்கள்.