ஏரி மேலே போன ஆண்டு

சீசன் உச்சத்தில் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ஊரின் ஏரி எழுந்து மலை மேல் போய்விட்டது. அப்போது அதில் பதினாறு படகுகள் இருந்தன. ஒருவருக்கும் அடிபடவில்லை. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடிக்கு மட்டும் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது.

அது ஒன்றும் ஆதிகாலத்து ஏரி இல்லை. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் நிலம் அளக்க வந்த அதிகாரி ஒருவர் மூன்று ஓடைகளை மறித்துக் கட்டியது. முதலில் நுரையீரல் கெட்டவர்கள் நல்ல காற்றுக்காக வந்தார்கள். அவர்களைப் பார்க்க வந்தவர்கள் பங்களா கட்டினார்கள். அப்புறம் சாலை வந்தது, தேனிலவு வந்தது, பள்ளிக்கூடச் சுற்றுலா வந்தது. கரையைச் சுற்றி நாற்பத்தொரு விடுதிகள் முளைத்தன. ஒவ்வொன்றின் பின்பக்கமும் ஒரு கழிவுக்குழாய் சத்தமில்லாமல் ஏரிக்குள் இறங்கியது.

இருபத்திரண்டு வருடமாகப் படகு வாடகைக்கு விட்டுவந்த துடுப்பக்கா மறுநாளே மேலே ஏறிப் பார்த்தாள். இரண்டு மேடுகளுக்கு நடுவே புல்வெளியில் ஏரி கிடந்தது, நாலு நாள் நன்றாகத் தூங்கி எழுந்தவள் முகம் மாதிரி. அடியில் கூழாங்கல் தெரிந்தது. கீழே இருந்தவரை அந்தத் தண்ணீரில் தன் துடுப்பின் நுனியைக்கூட அவள் கண்டதில்லை. கையை அலம்பிக்கொண்டு, விஷயம் புரிந்து இறங்கினாள்.

நகராட்சி லாரி லாரியாகத் தண்ணீர் கொண்டுவந்து காலிப் பள்ளத்தில் கொட்டியது. அந்தத் தண்ணீரும் மாலைக்குள் மேலே போய்ச் சேர்ந்துகொண்டது. துடுப்பக்கா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. சாக்கும் சிமெண்டும் கொத்துக்கரண்டியுமாக வந்து, பட்டப்பகலில் முதல் குழாயின் வாயை அடைத்தாள். விடுதிக்காரர்கள் உடைத்தார்கள், உடைத்ததை மறுநாள் அடைத்தாள். அவர்கள் சங்கம் கூடி அவளுடைய படகு உரிமத்தை ரத்து செய்யவைத்தது. "தண்ணியே இல்லாத ஊர்ல உரிமத்த வெச்சு என்ன பண்ண" என்று சொல்லிவிட்டுப் பதினேழாவது குழாய்க்குப் போனாள். குளியலறைகளில் கழிவு எதுக்களித்து நிற்கத் தொடங்கியதும், விடுதிகள் முணுமுணுத்தபடி ஒவ்வொன்றாகத் தொட்டி தோண்டின. ஏழு மாதத்தில் அவள் உள்ளங்கைத் தோல் இரண்டு முறை உரிந்தது. நாற்பது குழாய்கள் முடிந்தன.

நாற்பத்தொன்றாவது அவள் தம்பியின் லாட்ஜுடையது. மொத்தம் ஒன்பதே அறை. அவன் குழாய்க்கு முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, எனக்குத் தொட்டி தோண்ட இடமே இல்ல. என் பொழப்புல மண்ணப் போடாத."

"மண்ணு இல்லடா, சிமெண்டு."

"கூடப் பொறந்தவன்னுகூடப் பாக்க மாட்டியா?"

"பாத்துதான் கடைசியா வந்தேன்." சாக்கை உதறி விரித்தாள். "முன்வாசல்ல கார் நிறுத்துற எடத்துல தோண்டு. ஏரி இல்லாத ஏரிக்கரைக்கு யாருடா கார்ல வரப் போறா?"

அவன் குழாயை விட்டு நகரவில்லை. அவனை அவள் விலகச் சொல்லவில்லை; அதற்காகக் கரண்டியைக் கீழே வைக்கவுமில்லை. கடைசியில் அவன் உள்ளே போய், கலவைக்கு ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். கடப்பாரை எங்கே என்று கேட்டான்.

கடைசிக் குழாய் அடைபட்ட பதினோராம் நாள் ஏரி திரும்பியது. நேர்வழியில் வரவில்லை, கடைவீதி வழியாக, பேருந்து நிலையத்தில் சற்று நின்று, பதினாறு படகுகளையும் சுமந்துகொண்டு வந்து பள்ளத்தில் படுத்தது. கடைக்காரர்கள் செருப்பை எடுத்து மேலே வைத்துக்கொண்டார்கள். அந்த வாரமே உரிமமும் திரும்ப வந்தது. ஆனால் மேலே இருந்து பழகிய ஏரிக்கு அந்தக் காற்று பிடித்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் சீசன் முடிந்ததும் இரண்டு வாரம் அது மேலே போய் வருகிறது. துடுப்பக்காவும் கூடவே போகிறாள். போன மாதம் யாரோ லாட்ஜுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, அறையிலிருந்து ஏரி தெரியுமா என்று கேட்டார்கள்.

"இந்த வாரம் தெரியாதுங்க, மேல போயிருக்கு" என்றான் தம்பி. "வியாழக்கிழமை வந்துடும்."

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு அறை வேண்டும் என்றார்கள். அவன் எழுதிக்கொண்டான்.