யாரும் தொடாதீங்க

ஃபேபியோலா வேலை பார்த்த நிறுவனம் புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்தது. 2006ஆம் ஆண்டு. சின்ன நிறுவனம், அவர்கள் தயாரித்ததும் ஒரே ஒரு மென்பொருள்தான். ஒரு கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி தனியாக ஓடுவதுபோல் செய்கிற விர்ச்சுவல் மெஷின். அதில் என்ன கோளாறு இருக்கிறது என்று தேடிப் பிடிப்பது ஃபேபியோலாவின் வேலை.

அந்த மழைக்காலத்தில் அவள் மேசைக்குப் புதிதாக ஒரு டூயல் கோர், அதாவது இரட்டைச் செயலி கொண்ட கணினி வந்தது. அலுவலகத்தில் அந்த ரகத்தில் அது ஒன்றுதான். அன்றிலிருந்து தொல்லை. உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷின் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். திரையில் அது இருந்த சுவடே இருக்காது. ஏன் என்று ஒரு செய்தியும் வராது.

குழுத் தலைவர் ராகவேந்திரா சென்னைக்காரர். அவளிடம் தமிழில்தான் பேசுவார். அவள் இடத்தில் உட்கார்ந்து, இருக்கிற சோதனைகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தார். கணினி மூச்சு வாங்கியதே தவிர எதுவும் விழவில்லை.

"ராம் மெமரி போயிருக்கும். மாத்திப் பாரு."

மாற்றினாள். மறுபடி செத்தது. ஆன்டிவைரஸை எடுத்தாள், விண்டோஸைப் புதிதாகப் போட்டாள். அப்போதும் செத்தது. ராகவேந்திரா வந்து பார்த்தால் மட்டும் ஒழுங்காக ஓடியது.

"வேற யாருக்கும் வரலையே ஃபேபி. எல்லாம் உன் கைராசி" என்றார். பக்கத்து மேசையில் சிரித்தார்கள்.

"ராசி இல்ல. இதுல நிஜமா கட்பட் இருக்கு" என்றாள். புனேயிலேயே போபோடியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கோளாறு என்பதற்குக்கூட இந்திதான் வாயில் வரும், அவள் தமிழில் பாதி இந்தி. அதற்கும் சிரித்தார்கள்.

சிரிப்பு அவளை உறுத்தியது. ஆனால் அதைவிட இன்னொன்று உறுத்திக்கொண்டிருந்தது. வேலை செய்துகொண்டிருக்கும்போது அது செத்து அவள் பார்த்ததே இல்லை. டீ குடித்துவிட்டு வந்தால் செத்திருக்கும். சாப்பிட்டு வந்தால் செத்திருக்கும். ஒருநாள் வேண்டுமென்றே கைகட்டி உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணெதிரே போனது. சும்மா விட்டால்தான் விழுகிறது.

நேரே ராகவேந்திராவிடம் போய்ச் சொன்னாள்.

"புது மெஷின்ல ஏதோ கோளாறு. நம்ம சாஃப்ட்வேர்ல இல்ல" என்றார் அவர்.

"வாங்கப் போறவங்களும் இதே மாதிரி புது மெஷின்தானே போடுவாங்க?"

"நாளைக்கு மும்பையிலேர்ந்து அவங்க வராங்க. டெஸ்டிங் முடிஞ்சுது, பிரச்சனை இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும்."

"சொல்ல மாட்டேன்."

"அப்ப மீட்டிங்குக்கு வராதே."

"வருவேன். மெஷினோட வருவேன்."

வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது, "நாளைக்கு வெளிய அனுப்பிட்டான்னா?" என்று கேட்டாள் அம்மா.

"அனுப்பினா வேற பாக்குறேன் மம்மி" என்று சொல்லிவிட்டுத் தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் கணினியை அவளே தூக்கிக்கொண்டு கூட்ட அறைக்குள் வந்து மேசை நடுவில் வைத்தாள். மும்பை இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்திருந்த அதிகாரி கோக்டே என்ற நடுவயதுப் பெண்மணி. ராகவேந்திராவின் முகம் சிவந்தது. விருந்தாளி முன்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. ஃபேபியோலா விர்ச்சுவல் மெஷினை ஓடவிட்டாள்.

"இனிமே யாரும் தொடாதீங்க" என்று இந்தியில் சொன்னாள்.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். டீ வந்தது, குடித்து முடித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. ராகவேந்திராவின் கை மவுஸ் பக்கம் போனது. ஃபேபியோலா முந்திக்கொண்டு மவுஸ்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"எதுக்காகக் காத்திருக்கோம்?" என்றார் கோக்டே.

"இது விழறதுக்கு."

"மன்னிச்சுடுங்க மேடம், நாம அடுத்த விஷயத்துக்குப் போகலாம்" என்றார் ராகவேந்திரா. கோக்டே கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஃபேபியோலா திரையைப் பார்த்தாள். இன்றைக்குப் பார்த்து விழாமலே போய்விடுமோ?

"உட்காருங்க மேடம்" என்றாள். "உங்க ஆபீஸ் பூட்டினதுக்கு அப்புறமும் இது ஓடணும் இல்லையா? அப்ப அங்க யார் தொடுவாங்க?"

கோக்டே அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. அப்புறம் விர்ச்சுவல் மெஷின் திரையிலிருந்து போய்விட்டது. எந்தச் சத்தமும் இல்லை.

"இதைச் சரிபண்ணிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கோக்டே கிளம்பினார்.

மென்பொருளின் உட்பகுதியை எழுதிய ஷ்யாம் அன்றே அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். சில நாள் கழித்துக் காரணம் கிடைத்தது. அந்தக் கணினியின் இரண்டு கோர்களுக்கும் தனித்தனிக் கடிகாரம். வேலை இல்லாதபோது மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அவை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது ஒரு கடிகாரம் மற்றதைவிடப் பின்தங்கிவிடும். விர்ச்சுவல் மெஷின் ஒரு கோரிலிருந்து மற்றதற்குத் தாவினால், அதன் கணக்கில் நேரம் பின்னால் போயிருக்கும். அது தாங்காமல் செத்துவிடும். ஓயாமல் வேலை கொடுத்தால் இரண்டும் முழு வேகத்தில் ஓடும், சிக்கலே வராது. ஷ்யாம் அதைத் திருத்தினான். தேதி தள்ளிப்போனாலும் கோக்டேயின் கம்பெனி வாங்கிக்கொண்டது.

வருட முடிவில் ஃபேபியோலாவைப் பற்றிய மதிப்பீட்டில், 'குழுவோடு ஒத்துழைப்பதில்லை' என்று ராகவேந்திரா எழுதியிருந்தார். அவர் அறைக்குப் போய் நின்றுகொண்டே கேட்டாள்.

"எதுல ஒத்துழைக்கல?"

"அந்த மீட்டிங்ல நீ நடந்துக்கிட்டது சரியில்ல ஃபேபி. மேலிடத்துல எனக்கு எவ்வளவு பேச்சு தெரியுமா?"

"மும்பைக்குப் போய் விழுந்திருந்தா?"

அவர் பேனாவை மூடினார். திறந்தார். "வேணும்னா வார்த்தையைக் கொஞ்சம் மாத்தி எழுதறேன்" என்றார்.

"மாத்த வேணாம். இருக்கட்டும்" என்றாள் ஃபேபியோலா. "அடுத்த வருஷமும் அதையே எழுத வேண்டி வரும்."