சினியின் பக்கம்

ஸ்வப்னா ஒவ்வொரு தடவையும் பத்து ஓடு தள்ளிப் போய்க்கொண்டிருந்தாள். ஏன் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

பாறசாலையில் ரயில்வே கேட்டைத் தாண்டி இருக்கிறது அந்த நீச்சல் கிளப். குளத்தின் தரையில், நட்டநடுவே நீளவாக்கில் ஒரு கருப்புக் கோடு ஓடுகிறது. இரண்டு முனைகளிலும் விளிம்பில் வெள்ளை ஓடுகள் பதித்திருக்கிறார்கள். ஓர் ஓடு முப்பது சென்டிமீட்டர். ஆழமான முனையில், கோட்டுக்கு மேற்கே இரண்டாவது ஓட்டில் நீல நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கும். ஸ்வப்னா தொடங்கும் இடம் அது. அங்கிருந்து தண்ணீரில் பாய்ந்து, பாட்டு முடியும்போது மறுமுனையில் தலை தூக்குவாள். அப்போது பார்த்தால், கோட்டுக்குக் கிழக்கே எட்டாவது ஓட்டுக்கு நேராக நிற்பாள். மேற்கே இரண்டு, கிழக்கே எட்டு. மொத்தம் மூன்று மீட்டர். ஒரு நாள் கூடாது, ஒரு நாள் குறையாது.

"காத்து தள்ளுதா இருக்கும்" என்றான் லிஜின். கிளப்பில் பம்பும் குளோரினும் அவன் பொறுப்பு.

"இந்த மதிலுக்குள்ள ஏது அண்ணா காத்து?"

"பின்ன ரெண்டு தோசை கூடத் தின்னு. கனம் இருந்தா தள்ளாது."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசினான். ஸ்வப்னா சிரித்துவைத்தாள். லிஜின், அவளோடு ஜோடியாக நீந்திய சினியின் அண்ணன்.

ஒத்திசைவு நீச்சலில் இரட்டையர் பிரிவு என்று ஒன்று உண்டு. இருவர் அருகருகே, ஒரு கை தூரத்தில், ஒரே நொடியில் ஒரே அசைவைச் செய்ய வேண்டும். தலை கீழே போகும். நான்கு கால்கள் ஒன்றாகத் தண்ணீருக்கு மேலே எழும். காலைத் தாங்கி நிறுத்துவது கை. உள்ளங்கை இரண்டும் தண்ணீருக்குள் எட்டு போட்டபடி ஓயாமல் அரைத்துக்கொண்டே இருக்கும். மேலே அமைதியாக இரண்டு கால் தெரிகிறதென்றால், கீழே இரண்டு கை மாவாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்வப்னாவும் சினியும் ஒன்பது வருடம் அப்படி ஆட்டினார்கள். நீலப் புள்ளியும், கோட்டுக்குக் கிழக்கே இரண்டாவது ஓட்டிலுள்ள தன் சிவப்புப் புள்ளியும் சினி வைத்தவை. பனச்சமூடு சந்தையில் வாங்கிய நகப்பூச்சு. "பஸ்சுல துண்டு போட்டு சீட்டு பிடிக்கியது மாதிரி ஆக்கும்" என்று சொல்லிக்கொண்டே வைத்தாள்.

ஜூலை மழையில் அவளுக்கு எலிக்காய்ச்சல் வந்தது. அம்பூரியில் அப்பாவின் ரப்பர் தோட்டத்துக்குச் செருப்பில்லாமல் போய்வந்தவள், ஆறாம் நாள் போய்விட்டாள். வயது இருபத்து நான்கு.

கிளப்பின் செயலாளர் பாலையன் சார், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். செப்டம்பரில் ஒரு காலை, மாநிலச் சங்கம் அனுப்பியிருந்த விதித்திருத்த வரைவைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு குளத்தங்கரைக்கு வந்தார்.

"வரைவு மட்டும் ஆக்கும். ஆனா அடுத்த மாசம் மாவட்டப் போட்டியில இத வெச்சு நடத்திப் பாப்பாங்களாம். ஆறாவது விதியக் கேளு ஸ்வப்னா."

ஆறாவது விதி இதுதான். இரட்டையராகப் பதிவு செய்தபின் ஒருவருக்கு மரணமோ நோயோ நேர்ந்தால், மற்றவர் அதே நிகழ்ச்சியைத் தனியாகச் செய்யலாம். பாட்டும் அசைவும் மாறக்கூடாது. பலகையில் இருவர் பெயரும் இருக்கும்.

"ரெண்டு பேருக்க பேருமா?"

"ரெண்டு பேருக்க பேரும். பதிவு டிசம்பர் வரைக்கும் உண்டு. அப்புறம் பேர வெட்டிருவாங்க."

ஸ்வப்னா பாறசாலையில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்கக் குப்பிகளில் பெயர் ஒட்டுகிற வேலை. அன்றைக்குப் பெயர்களை இரண்டு தடவை சரிபார்க்க வேண்டியதாயிற்று. சினியின் பெயர் இன்னும் ஒரு தடவை ஒலிபெருக்கியில் கேட்கும். ஒரே ஒரு தடவை. அவளுக்கு அது போதும்.

சிக்கல் ஏழாவது விதியில் இருந்தது. இருவர் நீந்தினால், இடைவெளி மாறாமல் வருகிறார்களா என்று நடுவர் ஒருவரை வைத்து மற்றவரைப் பார்க்கலாம். ஒருவர்தான் என்றால் எதை வைத்துப் பார்ப்பது? அதனால் கருப்புக் கோட்டை வைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கோட்டிலிருந்து எந்தப் பக்கமும் இரண்டு மீட்டருக்கு மேல் விலகினால் நிகழ்ச்சி கணக்கில் சேராது. இரண்டு மீட்டர் என்றால் ஆறரை ஓடு. ஸ்வப்னா எட்டில் போய் நிற்கிறாள்.

முதலில் கையைச் சந்தேகித்தார்கள். ஒரு கைக்குப் பலம் கூடினால் உடம்பு ஒரு பக்கம் போகும். துடுப்பு ஒரு பக்கம் கூடுதலாகப் போட்டால் தோணி திரும்புவது மாதிரி. ஆனால் கைதான் காரணமென்றால், அவள் முகத்தைத் திருப்பி நீந்தும் பகுதிகளில் எதிர்ப்பக்கம் போகவேண்டும். போகவில்லை. முகம் எங்கே இருந்தாலும் உடம்பு கிழக்கேதான் போனது.

அப்படியானால் தண்ணீர்தான் ஓடுகிறது என்றான் லிஜின். சுத்தம் செய்த தண்ணீர் மேற்குச் சுவரிலுள்ள துளைகள் வழியாகத்தான் குளத்துக்குள் திரும்பி வரும். பம்பை நிறுத்தினான். ஒரு மணி நேரம் குளத்தைச் சும்மா விட்டார்கள். ரப்பர் இலை ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். இலை போட்ட இடத்திலேயே கிடந்தது. ஸ்வப்னா இறங்கினாள். பத்து ஓடு.

"சவம், இலைய நீந்தவிட்டா தங்கமெடல் வாங்கிரும்போல" என்றார் பாலையன் சார்.

"பாட்டு இல்லாம சும்மா கையப் போட்டுட்டு நில்லு பாப்போம்" என்றான் லிஜின்.

மூன்று நிமிடம் தலைகீழாக, மூச்சுக்கு மட்டும் மேலே வந்து, கையை அரைத்துக்கொண்டு நின்றாள். அரை ஓடுகூட நகரவில்லை. ஆகக் கையிலும் குற்றமில்லை, குளத்திலும் குற்றமில்லை. அந்தப் பாட்டுக்கு, அந்த நிகழ்ச்சியைச் செய்யும்போது மட்டும் அவளை ஏதோ கிழக்கே கொண்டுபோனது.

விடை, லிஜின் கோபத்தில் தண்ணீரில் இறங்கிய அன்று கிடைத்தது. பக்கத்திலிருந்து பார்க்கிறேன் என்று சட்டையைக் கழற்றிவிட்டு, சிவப்புப் புள்ளிக்கு நேரே குதித்தான். அவனுக்கு இந்த நீச்சல் வராது. மிதந்து நிற்பதற்காகக் கையையும் காலையும் போட்டு அடித்துக்கொண்டே அவளோடு ஒரு கை தூரத்தில் கூடவே வந்தான். பாட்டு முடிந்தது. மறுமுனையில் தலை தூக்கிய ஸ்வப்னா விளிம்பைப் பார்த்தாள். மேற்கே இரண்டாவது ஓடு. தொடங்கிய அதே நேர்.

இன்னொரு தடவை செய்தார்கள். அதே இரண்டாவது ஓடு. லிஜின் கரையேறிவிட்டு, அவளை மட்டும் விட்டுப் பார்த்தான். கிழக்கே எட்டு.

லிஜின் மறுபடி இறங்கி, அவள் பக்கத்தில் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு ஸ்வப்னாதான் மெல்லச் சொன்னாள். ஒருத்தி தண்ணீரை அரைத்தால் அந்தத் தண்ணீர் சும்மா இருக்காது, விலகிப் போகும். பக்கத்தில் இருப்பவளைத் தள்ளும். இரண்டு பேர் அருகருகே அரைத்தால் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். விலகாமல் இருக்க வேண்டுமென்றால் ஒவ்வொருத்தியும் மற்றவள் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து தன்னைத் தள்ளிக்கொள்ளவேண்டும். யாரும் இதைச் சொல்லித்தரவில்லை. அம்பூரிக்குப் போகிற பஸ்ஸில் தினமும் ஏறுகிறவன், வளைவு வருமுன்பே உடம்பைச் சாய்த்துக்கொள்கிறான் அல்லவா, அது மாதிரி ஒன்பது வருடத்தில் உடம்பு தானாகப் படித்துக்கொண்டது.

"வளைவு இல்லாத ரோட்டுலயும் நான் சாயுதேன் அண்ணா" என்றாள். "அவ தள்ளுவான்னு நெனச்சு தள்ளுதேன்."

லிஜின் முகத்தைத் தண்ணீருக்குள் முக்கி எடுத்தான். "குளோரின் கூடிப்போச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன்தானே குளோரின் போடுகிறவன்.

காரணம் தெரிந்துவிட்டால் திருத்திவிடலாம் என்றுதான் நினைத்தார்கள். கிழக்கே தள்ளுவதைக் குறைத்தால் போதும். நான்கு நாள் முயன்றாள். தள்ளுவதைக் குறைத்தால் கணக்கு தவறியது. ஐந்தாவது எண்ணிக்கையில் எழவேண்டிய கால் ஆறில் எழுந்தது. சாய்வும் எண்ணிக்கையும் ஒரே கயிற்றில் முறுக்கிய இரண்டு இழைகள். ஒன்றை உருவினால் மற்றதும் அவிழ்ந்தது. போட்டிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. ஏழாவது விதியை எடுத்துவிடச் சொல்லி சங்கத்துக்குக் கடிதம் எழுதலாம் என்றார் பாலையன் சார். கருத்துச் சொல்லக் கடைசி நாள், போட்டி முடிந்து ஒரு வாரம் கழித்து.

"அப்ப எழுதி ஆருக்கு லாபம்?" என்றாள் ஸ்வப்னா.

"அடுத்து ஒருத்திக்கு இப்படி வந்தா" என்றார் அவர். அவள் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து பிரேமகுமாரி வந்தாள், சினியின் அம்மா. போட்டியில் தலைமுடி கலையாமல் இருக்க ஜெலட்டினை வெந்நீரில் கரைத்துப் பூசுவார்கள். ஆறினால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். ஒன்பது வருடமும் கரைத்துக் கொடுத்தவள் அவள். அன்றும் ஒரு சம்புடத்தைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தாள்.

"ஒரு தலைக்கு எம்புட்டு போடணும்ன்னு எனக்குத் தெரியாது மக்கா. எப்பவும் ரெண்டு தலைக்குல்லா கலக்குவேன். கூடிப்போச்சு."

"இருக்கட்டும் மாமி. கெட்டியா நிக்கும்."

பெஞ்சில் உட்கார்ந்து பிரேமகுமாரி முழுவதையும் பார்த்தாள். இந்த நீச்சலின் விதியெல்லாம் அவளுக்குத் தெரியாது. எதிர்முனையில் ஸ்வப்னா எழுந்ததும் விளிம்போரமாக நடந்துவந்து அவளுக்கு மேலே நின்றாள்.

"ஏன் பிள்ளே, எனக்க மோளுக்க எடத்துக்குத்தானே போறே?"

ஸ்வப்னா தலைக்கு மேலிருந்த எட்டாவது ஓட்டைப் பார்த்தாள்.

"அங்க போயும் நிக்காம, இன்னும் அங்கிட்டு அங்கிட்டுப் போறே. தேடுதியா?"

அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல் ஸ்வப்னா ஆழமான முனைக்கு நீந்திப் போய்விட்டாள். புள்ளிகளுக்குக் கீழே விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நீலப் புள்ளி, இரண்டு ஓடு, கோடு, இரண்டு ஓடு, சிவப்புப் புள்ளி. குளோரின் பட்டுப் பட்டுச் சிவப்பு மங்கி ரோஸ் ஆகியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு அழுதாள். தண்ணீருக்குள் நின்று அழுதால் வசதி, யாருக்கும் தெரியாது.

அழுது முடித்தபின்தான் நீலப் புள்ளியைச் சரியாகப் பார்த்தாள். இந்த இடத்தில் தொடங்கவேண்டும் என்று யார் சொன்னது? வரைவை வரி வரியாக எத்தனையோ தடவை படித்திருக்கிறாள். பாட்டு மாறக்கூடாது, அசைவு மாறக்கூடாது, கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் தாண்டக்கூடாது. எங்கே தொடங்கவேண்டும் என்று அதில் ஒரு சொல் இல்லை. அவளும் லிஜினும் பாலையன் சாரும் கையைத் திருத்தினார்கள், பம்பை நிறுத்தினார்கள், இலையை மிதக்கவிட்டார்கள். சினி வைத்த புள்ளியைத் தாண்டி யோசிக்க மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை.

பாட்டை மறுபடி போடச் சொன்னாள். நீலப் புள்ளிக்கும் மேற்கே, சினியின் இடத்தை விட்டு இன்னும் மூன்று ஓடு விலகி நின்றாள். அங்கே நிற்பது அந்நியமாக, குளிராக இருந்தது. பாய்ந்தாள். கையைக் கட்டுப்படுத்தவில்லை. அது எந்தப் பக்கம் தள்ள விரும்பியதோ அந்தப் பக்கமே தள்ளவிட்டாள். கால் ஐந்தில் எழுந்தது.

மறுமுனையில் லிஜின் ஓடுகளை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தான். இரண்டாம் தடவையும் எண்ணினான். பிறகு பாலையன் சாரின் போட்டிப் படிவத்தில், குறிப்புக்கான கட்டத்தில், ஸ்வப்னா தன் கையாலேயே எழுதினாள்:

தொடக்கம், கோட்டுக்கு மேற்கே ஐந்தாவது ஓடு. முடிவு, கோட்டுக்குக் கிழக்கே ஐந்தாவது ஓடு. இரு பக்கமும் ஒன்றரை மீட்டர். கையை மாற்ற வேண்டியதில்லை.